அட்டைக் கோள்களும் மருட்கைச் சுவையும்

திரைப்படத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் நம் தமிழாசிரியர்களுள் சிலருக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வாறிருக்க, தோல்வியுற்ற திரைப்படங்களை, அவற்றுள்ளும் அறிவியலைக் கருவாகக் கொண்டு அந்த அறிவியலிலேயே இடறி விழுந்த படங்களை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வீண்வேலையாகவும் தோன்றலாம். ஆயினும் ஒன்று உண்மை. நன்கு அமைந்த படத்தை ஒருமுறை கண்டு மகிழ்ந்து மறந்துவிடும் நாம், வேற்றுலகத்தார் பறக்கும் தட்டில் வந்திறங்கும் பழைய படமொன்றை நள்ளிரவு வரை விழித்திருந்து பார்க்கிறோம், சிரிக்கிறோம், மறுநாள் நண்பரிடம் அதனைக் காட்சி காட்சியாக எடுத்துரைக்கிறோம். குறையுடையது என நன்கறிந்த ஒன்றன்பால் மனம் ஏன் இவ்வாறு விரைகிறது?

விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும், மருட்கை பிறக்கும் களங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினையும் வைத்துள்ளார். மாணவர் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுகணமே கைவிடும் பட்டியல்கள் இவை. அறிவியற் படம் எடுப்போர் நாடுவது மருட்கையையே. இதுவரை காணாத புதுமையையும் அண்டத்தின் பெருமையையும் காட்டி நம்மை மலைக்கச் செய்வதே அவர்தம் நோக்கம். முயற்சி தவறும்போது, மருட்கை அமர்ந்திருக்க வேண்டிய இருக்கையில் நகை வந்து அமர்கிறது. ஒரு மெய்ப்பாட்டைக் கருதிச் செய்தது வேறொன்றை விளைவிக்கும் இந்த இடமாற்றம் அவல நாடகத்திலும் நிகழ்வதுண்டு. ஆனால் அங்கே, அழவேண்டிய இடத்தில் அவையோர் சிரித்துவிட்டால் நடிகர் தலைகுனிகிறார், நாமும் கூசுகிறோம். வானுலகப் படத்தில் அந்தக் கூச்சம் இல்லை. ஒருவகை உவகையே இருக்கிறது. இவ்வேறுபாடே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழில் இதற்கு முதற்சான்றாகக் கொள்ளத்தக்கது ‘கலை அரசி’. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்து 1963ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளிவந்த படம் இது. வேற்றுலகம் ஒன்றில் அறிவியல் உச்சநிலையை எட்டிவிட்டது. ஆனால் அவ்வுலகில் கலை வளரவில்லை. ஆகவே அவ்வுலகத்தார் பறக்கும் தட்டில் புவிக்கு வந்து, வாணி என்னும் இசைச்செல்வியைக் கவர்ந்து செல்கின்றனர். அவளுடைய காதலன் மோகனும் அங்குச் சென்று சேர்கிறான். தன்னைப் போன்றே தோற்றமுடைய கோமாளி ஒருவனுடைய இடத்தில் தான் புகுந்து, காதலியை மீட்க வழி தேடுகிறான். எம்.ஜி.ஆருக்கும் இரட்டை வேடம். பானுமதிக்கும் இரட்டை வேடம். எம். என். நம்பியார் வேற்றுலகத்தாருள் ஒருவர். கோள் மாறினாலும் நம்பியார் நம்பியாராகவே இருப்பது காண்போர்க்கு ஓர் ஆறுதல்.

படம் வெளிவந்த காலத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். யூரி ககாரின் புவியைச் சுற்றிவந்தது 1961 ஏப்ரல் 12ஆம் நாள். வானம் அன்று செய்தித்தாளின் முதற்பக்கப் பொருளாயிற்று. சிங்கப்பூரில் தொலைக்காட்சியின் முறையான ஒளிபரப்புத் தொடங்கியதும் அதே 1963 ஏப்ரலில்தான். தொலைவிலுள்ளோரின் உருவம் வீட்டுக்குள் வந்து பேசுவதை இத்தீவு மக்கள் வியந்து நோக்கிய அந்த நாள்களில், வேறு கோளிலிருந்து ஒருவன் வருவது அத்துணைப் பெரிய பொய்யாகத் தோன்றியிராது என்றே கருதுகிறேன். அன்று மருட்கையாய் இருந்தது காலம் செல்லச் செல்ல நகையாய்த் திரிந்திருக்கலாம். ஆகவே நம் சிரிப்பில் ஒரு பகுதி படத்தின் குற்றம் அன்று, நாட்காட்டியின் குற்றம்.

எஞ்சிய பகுதி படத்தினுடையதே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ‘கலை அரசி’ நல்ல படம் என்று நிறுவுவது என் நோக்கமன்று. உரையாசிரியர்கள் மடன் என்பதற்கு, பிறர் அறிவுறுத்தக் கொண்டதனை விடாது பற்றியிருத்தல் எனப் பொருள் கூறுவர். நம் வானுலகப் படங்களின் நகைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை. அரசவை, கோமாளி, ஆள்மாறாட்டம், சிறைபட்ட நங்கை, அவளை மீட்கும் வீரன் என்று நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த கதைப்பொருள்கள் அனைத்தும் ஒன்றுகூடக் குறையாமல் வேற்றுக்கோளுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. பறக்கும் தட்டு நம்மை ஏற்றிக்கொண்டு அண்டவெளியைக் கடந்து சென்று, இறுதியில் இறக்கிவிடும் இடம் நமக்கு நன்கு பழகிய அரண்மனை.

இந்த மடன் ஒரு படத்தோடு நின்றதன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கர் கூட்டோடு 1952இல் எடுத்த ‘காடு’ படத்தை நோக்குக. வில்லியம் பெர்க் இயக்கிய அப்படத்தில், பன்னெடுங்காலத்துக்கு முன்பே அழிந்தொழிந்த மயிர்யானைகள் இந்தியக் காட்டில் திரிகின்றன. நம்மூர் யானைகளின்மீது செயற்கை மயிரைப் போர்த்தி அவற்றை உருவாக்கினர். வெப்பநாட்டு யானைக்குக் கம்பளி போர்த்திய அந்தக் காட்சியைக் கண்டு சிரிக்காதிருப்பவர் கல்நெஞ்சர். யானையோ தன் முன்னோர் வேடம் தனக்கு இடப்பட்டிருப்பதை அறியாது அமைதியாக நடந்து செல்கிறது.

பேதைமையால் நேர்ந்தது இது என்று கூறுவோர், 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அதன் எழுத்தில் பங்குகொண்டவர் சுஜாதா, பொறியியல் கற்றவர், பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனத்தில் பணியாற்றியவர், கணிப்பொறியைத் தமிழ் வாசகருக்கு நெருக்கமாக்கியவர். அவர் கைபட்ட கதையில் அறியாமைக்கு இடமில்லை. களவுபோன ஏவுகணை ஒன்று, அதன் பெயர் அக்னி புத்திரன், கணிப்பொறி வல்லுநர் ஒருத்தி என்று கதை விறுவிறுப்பாகவே தொடங்குகிறது. (மூன்றாண்டு கழித்து, 1989 மே திங்களில், இந்தியா உண்மையாகவே அக்னி என்னும் பெயரில் ஏவுகணையைச் செலுத்திப் பார்த்தது. கற்பனை ஒரோவழி முந்திக்கொள்கிறது.) எனினும் இடைவேளைக்குப்பின் கதை எங்கே செல்கிறது? சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்கு; அங்கேயும் ஓர் அரசன், ஓர் இளவரசி. அறிவியல் அறிந்தவரையும் அரண்மனைக்கு அழைத்துச் சென்றுவிடும் ஆற்றல் அந்தப் பழைய கதைமரபுக்கு இருந்தது. மடன் பேதைமையினும் வலிது.

ஆயினும் இந்த மடனிலேதான் நாம் துய்க்கும் சுவையின் ஒரு பாதி தங்கியுள்ளது. தெருக்கூத்தில் வீமன் மரத்தாலான கிரீடம் அணிந்து வருகிறான்; இருவர் பிடித்த திரைச்சீலைக்குப் பின்னிருந்து துரியோதனன் தோன்றுகிறான். எவரும் நகைப்பதில்லை. ஏனெனின் அங்கே ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. கிரீடம் மரமென்பதை இருவரும் அறிவர். அறிந்தே மறக்க இசைந்துள்ளனர். வானுலகப் படம் அத்தகைய உடன்பாட்டை வேண்டுவதில்லை. ‘இஃது உண்மை, நம்புக’ என்று மார்தட்டுகிறது. தட்டிய மார்பிலேயே அட்டையின் ஓசை கேட்கிறது. விரும்பியது எவ்வளவு, இயன்றது எவ்வளவு என்னும் இரண்டும் ஒரே சட்டகத்துள், ஒரே நேரத்தில் நம் கண்ணுக்குப் புலனாகின்றன. திறம்பட எடுத்த படத்தில் இந்த இடைவெளி மறைக்கப்பட்டுவிடுகிறது. அங்கே நாம் மயங்குகிறோமே அன்றி, மயக்குபவரைக் காண்பதில்லை. தோல்வியுற்ற படத்தில்தான் படமெடுத்த மனிதர் நமக்கு முகம் காட்டுகிறார்.

இச்சுவை தமிழர்க்கு மட்டுமே உரியதன்று. அமெரிக்காவில் எட் வுட் என்பார் எடுத்த ‘விண்வெளியிலிருந்து ஒன்பதாம் திட்டம்’ என்னும் பொருள்தரும் தலைப்புடைய படத்தில், நடிகர் பேலா லுகோசி 1956இல் இறந்துவிடவே, எஞ்சிய காட்சிகளில் வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் இடத்தில் நடித்தார். 1953இல் வந்த மற்றொரு படத்திலோ, வேற்றுலகக் கொடியவன் என்பவன் கொரில்லாக் குரங்கின் உடைமேல் தலைக்கூண்டு மாட்டிய ஒருவன், அவ்வளவுதான். 1980இல் மெட்வெட் உடன்பிறந்தார் வெளியிட்ட நூலொன்று எட் வுட்டின் படத்தையே உலகின் மிக மோசமான படம் எனத் தேர்ந்தெடுத்து, அதனாலேயே அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. எட் வுட் 1978இலேயே இறந்துவிட்டார். தம் படத்துக்குக் கூட்டம் கூடியதை அவர் காணவில்லை. சீனத் திரையுலகும் விலக்கன்று. சிங்கப்பூரில் அரங்குகள் பலவற்றை நடத்திய ஷா குடும்பத்தினர் ஹாங்காங்கில் 1977இல் எடுத்த பெருங்குரங்குப் படம், அமெரிக்கக் ‘கிங் காங்’ படத்தின் சூட்டோடு சூடாக உருவானது. அந்தக் குரங்கு இமயமலைச் சாரல் காட்டிலிருந்து பிடித்துவரப்படுகிறது. இந்தியா என்றால் எதுவும் இருக்கும் என்னும் நம்பிக்கை ஹாங்காங்காரர்க்கும் இருந்தது போலும்.

இவற்றை இங்கு எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் உண்டு. எள்ளல் என்னும் களத்துக்கு இனி வருகிறோம்; இங்கேதான் நம் மாணவர்க்கு ஓர் இடர் இருக்கிறது. எள்ளல் இருவகைத்து எனப் பேராசிரியர் உரைப்பார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. தன்னைப் பிறர் எள்ளியவிடத்துத் தானும் நகுவது மற்றொன்று. முதலாவதை யாவரும் அறிவோம். இரண்டாவதை இத்தீவில் வளரும் தமிழ்ப்பிள்ளைகள் நம்மினும் நன்கறிவர். இன்றைய உயர்நிலைப்பள்ளி மாணவரிடம் ‘கலை அரசி’யின் ஒரு பகுதியைக் காட்டிப் பாருங்கள். முதலில் எழுவது கள்ளமற்ற நகை. சற்றுநேரத்தில் அது நிறம் மாறும். ‘தமிழ்ப்படம் இப்படித்தான்’ என்று ஒரு குரல் எழும். அடுத்து, ‘தமிழில் இதெல்லாம் வராது’ என்று மற்றொரு குரல். படத்தைப் பற்றிய சிரிப்பு மொழியைப் பற்றிய சிரிப்பாகும் இடம் அது. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எங்கோ நின்று எள்ளுவதாகவும், அவரோடு சேர்ந்துகொள்வதே பாதுகாப்பு எனவும் அப்பிள்ளை கருதிச் சிரிக்கிறான்.

அவன் செய்யும் ஒப்பீடும் நேரியதன்று. ஆங்கிலத்தில் சிறந்தது எதுவோ அதுவே கடல்கடந்து, காலம் கடந்து அவனிடம் வந்து சேர்கிறது. 1968இல் குப்ரிக் எடுத்த விண்வெளிப் படத்தை அவன் அறிவான். அதே காலத்தில் ஆங்கிலத்தில் வந்து மடிந்த நூறு குப்பைகளை அறியான். தமிழிலோ நல்லதும் அல்லதும் ஒரே கூடையில் வீடு வந்து சேர்கின்றன. பிறர் வீட்டு விருந்தோடு நம் வீட்டுப் பழையதை ஒப்பிடும் இப்பழக்கம் திரைப்படத்தோடு நிற்பதில்லை என்பதை ஆசிரியர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கொரில்லா உடையில் வந்த அமெரிக்க வேற்றுலகத்தானையும் நம் மயிர்போர்த்திய யானையையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துக் காட்டினால் பாதி நோய் தீரும்.

மற்றப் பாதி எளிதில் தீராது. ஏனெனின் அது மாணவனிடம் தோன்றிய நோயன்று. ‘கலை அரசி’யின் கருவை மீண்டும் நோக்குக. அறிவியல் அவர்களுடையது, கலை நம்முடையது. அவர்களிடம் எந்திரம் உண்டு, இசை இல்லை. நம்மிடம் இசை உண்டு, ஆதலால் எந்திரம் இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. அறிவியற் படங்கள் உண்மையில் அறிவியலைப் பற்றியன அல்ல, பேரழிவைப் பற்றியன என்று 1965இல் அமெரிக்கத் திறனாய்வாளர் சூசன் சாண்டாக் எழுதினார். மேலை நாட்டுப் படங்களில் வேற்றுலகத்தார் நகரங்களைத் தகர்க்க வருவதையே அவர் பெரிதும் கண்டார். நம் படத்தில் அவர்கள் பாட்டு வாத்தியார் தேடி வருகின்றனர். இதனைக் காணும்போது என் நெஞ்சு ஒருபுறம் நெகிழ்கிறது. அணுகுண்டின் நிழலில் உலகம் நடுங்கிய காலத்தில், அண்டத்தின் மறுகோடியிலிருந்து ஒருவன் புவிக்கு வருவானாயின் இசைக்காகத்தான் வருவான் என்று எண்ணிய ஓர் இனத்தின் தன்னம்பிக்கை போற்றத்தக்கதே. அதனை நல்ல படமொன்று இத்துணை வெளிப்படையாகச் சொல்லியிராது; நயமாக மூடி மறைத்திருக்கும். கெட்ட படத்துக்கு மறைக்கத் தெரியாது. ஒரு காலத்தின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் அக்காலத்துத் தோல்விப் படங்களைத் தேடிப் பார்க்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுபுறம் நெஞ்சு உறுத்துகிறது. அறிவியல் அவர்களுடையது, கலை நம்முடையது என்னும் பங்கீட்டை நாம் திரையில் கண்டு சிரிக்கிறோம். பள்ளியின் கால அட்டவணையில் கண்டு வாளாவிருக்கிறோம். இத்தீவில் தமிழ்வழியே பாடங்களைக் கற்பித்த உமறுப்புலவர் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. அதன் காரணங்களையும் பயன்களையும் இங்கு நான் வழக்காடப் போவதில்லை; பெற்றோரும் விரும்பிச் செய்த தேர்வு அது. ஆனால் விளைவு யாது? இயற்பியலும் வேதியியலும் கணிதமும் ஒரு மொழியில். பொங்கலும் பண்பாடும் பழமொழியும் மற்றொரு மொழியில். தமிழ் வகுப்பில் மாணவன் எழுதும் கட்டுரைத் தலைப்புகளை எண்ணிப் பாருங்கள். அவன் நாள்தோறும் கையாளும் கருவி எதனைப் பற்றியும் அது எவ்வாறு இயங்குகிறது என்று தமிழில் எழுத எத்தனை முறை நாம் அவனைக் கேட்டிருக்கிறோம்? ‘தமிழில் இதெல்லாம் வராது’ என்று அவன் கூறுவது படம் கற்பித்த பாடமன்று. பறக்கும் தட்டைக் கண்டு நாம் சிரிக்கும்போது, அந்தத் தட்டை ஓட்டிவந்தவர்களின் கொள்கையை நாம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இதே பங்கீடு வேறோர் உருவில் ‘உலகம் சுற்றும் வாலிப’னிலும் காணப்படுகிறது. எம்.ஜி.ஆர். தாமே இயக்கி 1973 மே 11ஆம் நாள் வெளிவந்த அப்படம் தோல்விப் படமன்று; பெருவெற்றி பெற்றது. மின்னலின் ஆற்றலைப் பிடித்து அடக்கும் வழி கண்ட அறிவியலறிஞர் முருகன் அதன் நாயகர். அந்த ஆற்றலை எவ்வாறு பிடித்தார் என்பதில் படத்துக்கு அக்கறை குறைவு. அந்தக் குறிப்புகள் எங்கே என்று தேடுவதே கதை. அதற்காகச் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங், ஜப்பான் என நாடு நாடாகச் சென்று படமெடுத்தனர். ஒசாகாவில் 1970இல் நடைபெற்ற உலகக் கண்காட்சியும் திரையில் வருகிறது. தமிழகத்துப் பார்வையாளர்க்கு அறிவியற் கற்பனை என்பது மின்னல் ஆராய்ச்சியில் இல்லை. அயல்நாட்டு வீதிகளிலும் கண்காட்சி மண்டபங்களிலும் இருந்தது. எதிர்காலத்தை அட்டையால் செய்ய வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. வானூர்தியேறிச் சென்று பார்த்தால் போதும். மற்றவர்க்கு எதிர்காலமாய்க் காட்டப்பட்ட இடங்களுள் ஒன்றிலேயே நாம் அன்றாடம் பேருந்துக்குக் காத்து நின்றோம். வேற்றுக்கோளாகத் திரையில் தோன்றும் ஊரில் குடியிருப்பது எத்தகைய உணர்வு என்பதைச் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் யாரேனும் கதையாக்கியிருந்தால் நம் அறிவியற் புனைவு வேறுவிதமாகத் தொடங்கியிருக்கலாம்.

பார்க்கும் இடமும் இச்சுவைக்கு இன்றியமையாதது. தோல்விப் படத்தைத் தனியே பார்ப்பது துன்பம். கூடிப் பார்ப்பது திருவிழா. ஜாலான் புசாரில் 1923 முதல் 1987 வரை இருந்த நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவிலும் படக்கொட்டகைகள் இருந்தன. லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், மெக்கன்சி சாலையில் 1946இல் திறக்கப்பட்ட ரெக்ஸ் அரங்கு, பின்னாளில் மூடப்பட்டு, 2009இல் இந்தியப் படங்களுக்காக மீண்டும் கதவு திறந்தது. இத்தகைய அரங்குகளில் முன்வரிசையினர் திரையிலுள்ளோர்க்கு உரக்க அறிவுரை கூறுவர். பின்வரிசையினர் அந்த அறிவுரைக்கு மறுமொழி கூறுவர். எண்பதுகளில் சிராங்கூன் சாலைக் கடைகளில் ஒளிநாடா வாடகைக்கு எடுத்துவந்து, உறவினர் அனைவரும் தரையில் அமர்ந்து பார்த்த காலத்திலும் அந்த உரையாடல் தொடர்ந்தது. இன்று கைப்பேசியில் ஒருவராய்ப் பார்க்கிறோம். நகைப்பதற்கு ஆள் அருகில் இல்லாதபோது பேதைமை பேதைமையாகவே எஞ்சுகிறது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நகை மட்டுமே நம்மை ஈர்ப்பதாயின் நகைச்சுவைப் படமே போதும். நாம் அங்கே செல்லாது இங்கே வருவது, இழந்துவிட்டதாகக் கருதிய மருட்கை இங்கே வேறு வாயில் வழியாக நுழைவதனால்தான். தொல்காப்பியர் மருட்கைக்குப் புதுமையையும் பெருமையையும் கூறியதோடு அமையாது, சிறுமையையும் ஒரு களமாக வைத்தார். மிகப் பெரியதைக் கண்டு மட்டுமன்றி மிகச் சிறியதைக் கண்டும் மனிதன் வியக்கிறான். உரையாளர்கள் இதனை நுண்ணிய பொருள்களுக்கே கூறினர். நான் அதனைச் சற்று நீட்டிப் பொருள் கொள்கிறேன் என்பதை மறைக்கவில்லை. கையிலிருந்த கருவியின் சிறுமையையும், அதனைக்கொண்டு தொட நினைத்த வானின் பெருமையையும் ஒருசேரக் காணும்போது தோன்றுவதும் மருட்கையே. இத்துணைச் சிறிய பொருளைக் கொண்டா இத்துணைப் பெரியதற்கு இவர் கைநீட்டினார் என்னும் வியப்பு அது.

வரலாறு இதற்கு ஓர் அரிய இணையை வைத்திருக்கிறது. ‘கலை அரசி’ வெளிவந்து ஏழு திங்கள் கழித்து, 1963 நவம்பர் 21ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணில் செலுத்தப்பட்டது. மீனவர் சிற்றூர் ஒன்றின் தேவாலயமே அங்கு அறிவியலாளரின் பணிமனை. ஏவூர்தியின் பகுதியொன்றை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச்செல்லும் அக்காலப் புகைப்படத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். அதனை ஒரு படத்தின் காட்சி என்று கூறிக் காட்டினால் நம் மாணவர் வயிறு குலுங்கச் சிரிப்பர். மெய்ந்நிகழ்ச்சி என்று கூறினால் வாயடைத்துப் போவர். காட்சி ஒன்றே. சிரிப்புக்கும் மலைப்புக்கும் இடையே உள்ள தொலைவு, அந்த ஏவூர்தி மேலெழுந்தது என்னும் ஒரு செய்தி மட்டுமே.

இச்சுவை இன்றைய பெரும்பொருட் படங்களில் ஏன் கிட்டுவதில்லை என்பதும் இதனால் விளங்கும். 2010இல் வந்த ‘எந்திரன்’ திறமை மிக்க படம். அதனை இங்கு இழுக்க வேண்டுவதில்லை. 2018இல் இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்னும் விளம்பரத்தோடு ‘டிக் டிக் டிக்’ வந்தது, எம்.ஜி.ஆர். வேற்றுக்கோளுக்குச் சென்றுவந்து ஐம்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்ததை விளம்பரம் செய்தோர் மறந்தனர் போலும். அதன் அறிவியலில் ‘கலை அரசி’யினும் பெரிய ஓட்டைகள் உண்டு. ஆனால் அவற்றைக் கண்டு எனக்கு நகையும் பிறக்கவில்லை, மருட்கையும் பிறக்கவில்லை. கணினி வரைகலை இடைவெளிகளைப் பூசி மெழுகிவிட்டது. தெரிந்தே செய்த பிழையில் பேதைமையின் அழகு இல்லை. ‘இது போதும்’ என்னும் கணக்கு மட்டுமே இருக்கிறது. வேண்டுமென்றே கெட்ட படம் எடுத்துச் சிரிக்கவைக்க முயல்வோரும் மேலை நாட்டில் உளர். அவர்கள் படத்தை என்னால் பத்து நிமிடத்துக்குமேல் பார்க்க முடிந்ததில்லை. நம்பிக்கையோடு விழுந்தவனைத்தான் நாம் அன்போடு நகைத்துத் தூக்கிவிடுகிறோம்; விழுவதுபோல் நடிப்பவனுக்குக் கை கொடுப்பாரில்லை.

ஆசிரியர்க்கு ஒரு செய்தி மட்டும் எஞ்சியுள்ளது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றினைச் செய்விக்கிறான். கட்டியங்காரன் அரசைக் கவர்ந்த நாளில் அவள் அதிலேறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றிமுரசம் கேட்டு அவள் சோர, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். வகுப்பில் இதனைப் பலமுறை கற்பித்திருப்போம். எந்த மாணவனும் சிரித்ததில்லை. சொல்லால் ஆன மயிலுக்கு அட்டை வேண்டுவதில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், திருத்தக்கதேவர் அம்மயில் எவ்வாறு இயங்கிற்று என்பதையும் சொல்லிவிடுகிறார். பொறியை வலப்புறம் திருகினால் மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு சமணத் துறவிக்கு, அரசியின் துயரைப் பாடும் இடத்திலும், எந்திரத்தின் திருகாணி எந்தப் பக்கம் சுழலும் என்று சொல்ல வேண்டும் எனத் தோன்றியிருக்கிறது.

‘கலை அரசி’யில் இந்த வினாவில் நாட்டம் கொண்டோர் இல்லை. பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கவே அங்கு நேரம் போதவில்லை. அடுத்தமுறை அப்படத்தின் காட்சியை வகுப்பில் காட்டும் ஆசிரியர், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ‘அந்தத் தட்டு எப்படிப் பறக்கிறது?’ என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். மறுமொழி தமிழில் வரவேண்டும். முதலில் மௌனம் நிலவும். பிறகு இயற்பியல் நன்கறிந்த மாணவி ஒருத்தி ஆங்கிலச் சொல்லில் தொடங்கி, இடையில் நின்று, ‘அதற்குத் தமிழில் என்ன?’ என்று கேட்பாள். உந்துவிசை என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுத அதுவே தக்க நேரம்.